பனி பார்க்கப் போகும் என் பிள்ளைகளுக்கு



போன வாரம் என் அண்ணன் மகன் பெங்களூரிலிருந்து போன் பண்ணினான். "அத்தே, 2026 குடியரசு தினம் திங்கக்கிழமை வருது. வெள்ளி ஒரு நாள் லீவு போட்டா நாலு நாள். குல்மார்க் போய் பனிச்சறுக்கு விளையாடலாம்னு இருக்கோம். நீங்களும் வாங்க" என்றான். கூடப் போகிறவர்களில் இரண்டு பேர் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவர்கள். அவர்களும் இதைப் படிப்பார்கள். படிக்கட்டும், அதற்காகத்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்கும் போக ஆசைதான். முப்பது வருஷத்துக்கு மேல் இமயமலைப் பாடம் நடத்தியவள் நான், ஆனால் பனியைக் கண்ணால் பார்த்ததில்லை. நம் பேச்சில் வேறு எல்லாவற்றுக்கும் ஒரே சொல். மார்கழிக் காலையில் புல்லில் நிற்பதும் பனி, இமயமலையில் மலைமலையாகக் குவிந்து கிடப்பதும் பனி. ஒரு பையன் எழுந்து, "டீச்சர், நம்ம ஊர்லயும்தான் பனி பெய்யுது, அது ஏன் குவிய மாட்டேங்கு?" என்று கேட்டான். ஐஸ்பெட்டிக்குள் படிந்திருக்கும் வெள்ளையைச் சுரண்டிப் பார் என்று சொன்னேன். அப்போது அந்தத் தெருவில் ஐஸ்பெட்டி இருந்ததே ஒரே ஒரு வீட்டில்தான்!

ஆகையால் போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நாலு நாளில் போகாதீர்கள் என்கிறேன்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். வெள்ளிக்கிழமை பூராவும் விமானத்திலும் விமான நிலையத்திலும் போகும். ராத்திரி ஸ்ரீநகர். சனிக்கிழமை காலையில் ஐம்பது கிலோமீட்டர் பயணம். பனி அதிகமாக இருந்தால் டங்மார்க்கில் இறங்கி, சக்கரத்தில் சங்கிலி கட்டிய வண்டிக்கு மாற வேண்டும். அங்கேயே பூட்ஸும் கோட்டும் வாடகைக்கு எடுக்க வேண்டும். மேலே போய்ச் சேர மத்தியானம். குளிர்காலத்தில் அங்கே சாயங்காலம் சீக்கிரமே இருட்டிவிடும். திங்கட்கிழமை திரும்பிவிட வேண்டும். அன்றைக்குக் குடியரசு தினம் என்பதால் காஷ்மீர் முழுக்கச் சோதனை கூடுதலாக இருக்கும். மிச்சம் ஞாயிறு ஒரு நாள். டிசம்பர் 21 முதல் ஜனவரி கடைசி வரையிலான நாற்பது நாளை அங்கே 'சில்லை கலான்' என்பார்கள், கடுங்குளிர்க் காலம். பனி கொட்டினால் விமானம் ரத்து. அந்த ஒரு நாளும் போய்விடும்.

அந்த ஒரு நாளில் சறுக்கக் கற்றுக்கொள்ள முடியுமா? சைக்கிள் கற்றுக்கொண்ட நாளை நினைத்துப் பாருங்கள். முதல் நாள் விழுந்து எழுந்ததுதான் ஞாபகம் இருக்கும். இங்கேயும் அப்படித்தான். அந்தக் கனத்த பூட்ஸில் நடக்கப் பழகி, விழப் பழகி, விழுந்தபின் எழப் பழகி, கடைசியில் இரண்டு பலகைகளின் முனைகளையும் உள்நோக்கித் திருப்பி நிறுத்தப் பழக வேண்டும். நிறுத்தத் தெரியாதவன் சறுக்கக் கூடாது. குல்மார்க்கிலேயே மத்திய அரசின் பனிச்சறுக்கு, மலையேற்றப் பயிற்சி நிறுவனம் 1968 முதல் இருக்கிறது. அங்கே பயிற்சி என்றால் ஒரு நாள் கிடையாது, பல நாள். சும்மாவா அப்படி வைத்திருக்கிறார்கள்?

உயரத்தையும் யோசியுங்கள். குல்மார்க் ஏறக்குறைய நம் ஊட்டி தொட்டபெட்டா உயரம், 2,650 மீட்டர். அதோடு நின்றால் பரவாயில்லை. கொண்டோலா என்கிற கேபிள் காரின் இரண்டாம் கட்டம் அஃபர்வத் மலையில் கிட்டத்தட்ட 4,000 மீட்டருக்குக் கொண்டுபோய் விடும். தென்காசி வெயிலில் இருந்து கிளம்பி மறுநாளே அங்கே போய் நின்றால் தலைவலி, குமட்டல் வருவதில் ஆச்சரியமில்லை. பிரஷர், இதயக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் கிளம்பக் கூடாது. (அண்ணா, இது உனக்கும்தான்.)

இதையெல்லாம் விட எனக்குப் பெரிய பயம் வேறு. அதைச் சொல்ல நம் குற்றாலத்துக்கு வர வேண்டும்.

முப்பது வருஷத்துக்கு முன்னால் என் அக்கா குடும்பம் மதுரையிலிருந்து மூன்று நாள் லீவில் வந்தது. இரண்டு நாளும் அருவியில் தண்ணீர் அதிகம், குளிக்கத் தடை. மூன்றாம் நாள் காலையில் தடையை எடுத்தார்கள். மத்தியானம் மேலே மலையில் கருக்கல் கட்டியது. தண்ணீர் லேசாகக் கலங்கி, இலையும் சுள்ளியும் வர ஆரம்பித்தன. சத்தமும் மாறியது. "அத்தான், வெளியே வாங்க" என்று கத்தினேன். "நாளைக்கு லீவு முடியுது, இன்னும் ரெண்டு நிமிஷம்" என்றார். அந்த இரண்டு நிமிஷத்தில் தண்ணீர் அவரைப் பாறையில் மோதியது. யாரோ கையைப் பிடித்து இழுத்ததால் பிழைத்தார், தோள்பட்டை எலும்பு முறிந்தது. இப்போதும் வலது கையை முழுசாகத் தூக்க முடியாது.

அத்தான் முட்டாள் இல்லை, வங்கியில் கணக்குப் பார்த்தவர். லீவு முடிகிறது என்கிற நினைப்புதான் அவரை அங்கே நிறுத்தி வைத்தது. நமக்குத் தெரியும், இங்கே வெயில் அடிக்கும்போதே மேலே காட்டில் மழை கொட்டும், கொஞ்ச நேரத்தில் வெள்ளம் கீழே வந்து நிற்கும். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென்று வந்த வெள்ளம் 17 வயதுப் பையன் ஒருவனைக் கொண்டுபோய்விட்டது. கோடை விடுமுறைக் காலம், சீசன்கூட இல்லை.

வெளியூர்க்காரர்களைப் பார்த்து "தண்ணியோட குணம் தெரியாதவங்க" என்று சொல்கிறோம் இல்லையா? குல்மார்க்கில் அந்த வெளியூர்க்காரர்கள் நாம்தான். பனி எந்த இடத்தில் பிடித்து நிற்கும், எந்த இடத்தில் சரியும் என்று நமக்குத் தெரியாது. 2023 ஏப்ரல் 4 அன்று சிக்கிமில் நாதுலா போகும் சாலையில் பனிச்சரிவு 7 சுற்றுலாப் பயணிகளைக் கொன்றது. அனுமதித்த எல்லையைத் தாண்டிப் போயிருந்தார்கள் என்றார்கள் அதிகாரிகள். 2024 பிப்ரவரி 22 அன்று குல்மார்க்கிலேயே ஒரு ரஷ்யர் பனிச்சரிவில் இறந்தார். நன்றாகச் சறுக்கத் தெரிந்தவர்களின் குழு அது. உள்ளூர் ஆள் துணை இல்லாமல் போனார்கள் என்று செய்தியில் வந்தது.

இன்னொரு விஷயம், பனியே இல்லாமலும் போகலாம். 2024 ஜனவரியில் குல்மார்க் காய்ந்து கிடந்த படங்களை டிவியில் பார்த்திருப்பீர்கள். 2025 பிப்ரவரியில் அங்கே நடக்க வேண்டிய கேலோ இந்தியா குளிர்காலப் போட்டியே பனி போதாமல் மார்ச்சுக்குத் தள்ளிப்போனது. நாட்டின் வீரர்களுக்கே தேதி சொல்லாத வானம், அண்ணன் மகனின் லீவுக்காகவா பனி கொட்டப் போகிறது?

அவுலி போகலாமா என்று ஒரு மாணவி கேட்டாள். ரிஷிகேஷிலிருந்து ஜோஷிமத் வரைக்கும் மலைச்சாலையிலேயே ஒரு பகல் முழுக்கப் போகும். 2023 ஜனவரியில் ஜோஷிமத்தில் நிலம் புதைந்து வீடுகள் வெடித்தபோது அவுலி ரோப் காரையும் நிறுத்தினார்கள். நாலு நாளுக்கு அது இன்னும் ஆகாது.

என் யோசனை இதுதான். பிப்ரவரியில் குறைந்தது எட்டு நாள் எடுங்கள். முதல் நாள் ஸ்ரீநகரில் சும்மா இருங்கள். நாலு நாள் ஒரே பயிற்சியாளரிடம், ஒரே சின்னச் சரிவில். நடுவே ஒரு நாளை ஒன்றும் எழுதாமல் விடுங்கள். வானம் கெட்டால் அந்த நாள் இருக்கிறது. அது இல்லாதவன்தான் "ரெண்டு நிமிஷம்" என்பான். ரத்து செய்தால் பணம் திரும்பும் டிக்கெட்டாகப் பார்த்துப் போடுங்கள், கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் சரி. இன்சூரன்ஸ் எடுத்தால் சாகச விளையாட்டு அதில் சேருமா என்று அந்தப் பொடி எழுத்தையும் படியுங்கள். பரீட்சைக்குப் படித்ததுபோல் கடைசிப் பக்கத்தை விட்டுவிடாதீர்கள். உள்ளூர்க்காரர் "இன்னிக்கு மேலே போக வேண்டாம்" என்றால் ஏன் என்று கேட்டுக்கொண்டு நிற்காதீர்கள், அறையில் உட்கார்ந்து கஹ்வா குடியுங்கள்.

எட்டு நாள் லீவு யார் தருவார் என்று அண்ணன் மகன் சண்டை போட்டான். நியாயம்தான். தராவிட்டால் அடுத்த வருஷம் போங்கள், இல்லை சறுக்குவதை விட்டுவிட்டுப் பனியை மட்டும் பார்த்து வாருங்கள். நேற்று ராத்திரி மறுபடியும் பேசினான். இன்னும் டிக்கெட் போடவில்லையாம், மேனேஜரிடம் பிப்ரவரிக்குக் கேட்டிருக்கிறானாம். "அப்படின்னா நீங்க வருவீங்களா அத்தே?" என்றான். வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். என் முட்டிக்குச் சறுக்கு ஆகாது, கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வேன். யாரிடமாவது நல்ல கம்பளிக் கையுறை இருந்தால் கமெண்டில் சொல்லுங்கள். தென்காசிக் கடைகளில் கேட்டுப் பார்த்துவிட்டேன், சிரிக்கிறார்கள்.