மூக்கு வழியா, வாய் வழியா?

இலக்கியத்துக்கென நடத்தும் பக்கத்தில் இதை எழுதலாமா என்று எங்களுக்குள் சிறு விவாதம் நடந்தது. எழுதலாம் என்றே முடிவாயிற்று. எங்களில் ஒருவருடைய மகளுக்கு 31 வாரத்திலேயே பிரசவம் ஆகிவிட்டது. பேரக்குழந்தை இன்குபேட்டரில் கிடந்த நாட்களில் நாங்கள் மாறி மாறி மருத்துவமனை வராந்தாவில் அமர்ந்திருந்தோம். முதல் நாள் குழந்தையின் மூக்கில் இருந்த ரைல்ஸ் டியூப், மறுநாள் காலையில் வாயில் இருந்தது. ஏன் என்று கேட்ட தாய்க்குக் கிடைத்த பதில்: "அதெல்லாம் நாங்க பாத்துக்குவோம்மா."

பார்த்துக்கொள்ளவும் செய்தார்கள், மறுப்பதற்கில்லை. ஆனால் அந்தக் கேள்வி அற்பமானதன்று.

உறிஞ்சுவது, விழுங்குவது, மூச்சு விடுவது ஆகிய மூன்றையும் இசைவாகச் செய்யும் திறன் ஏறத்தாழ 34 வாரங்களில்தான் கைகூடுகிறது. அதற்கு முன் பிறந்துவிட்ட சிசுவின் வயிற்றுக்குப் பால் போய்ச்சேர ஒரு குழாய் வேண்டும். வழக்கமாகப் பயன்படும் 5 பிரெஞ்ச் அளவுக் குழாயின் விட்டம் சுமார் 1.7 மில்லிமீட்டர். நமக்கு அது ஒன்றுமில்லை. ஒன்றேகால் கிலோ உயிரின் மூக்குத் துளைக்கோ அது பெரும் இடைஞ்சல். பிறந்த குழந்தைகள் பெரும்பாலும் மூக்கினாலேயே சுவாசிப்பவர்கள். ஒரு துளையில் குழாய் அமர்ந்துகொண்டால் மூச்சிழுக்கும் உழைப்பு கூடிவிடுகிறது.

வாய் வழியே செலுத்தினால் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் நாக்கு சும்மா இருப்பதில்லை. குழாயைத் தள்ளிக்கொண்டே இருக்கும். குழாய் அசைந்து தொண்டையை உரசும்போது வேகஸ் நரம்பு தூண்டப்பட்டு இதயத்துடிப்பு தாழ்ந்துபோவதுண்டு. மூக்குக் குழாயைப் பிளாஸ்திரி போட்டு நிலைநிறுத்துவது எளிது. குழந்தை சப்பிப் பழகத் தொடங்கும்போது வாயும் காலியாக இருக்கும்.

இரண்டில் எது மேல்? குறைமாதக் குழந்தைகளைக் குறித்து இதே கேள்வியை எடுத்துக்கொண்ட காக்ரேன் தொகுப்பாய்வு 2013-ல் சொன்னது, முடிவு கூறப் போதிய ஆதாரம் இல்லை என்பதே. ஆதாரம் தீர்க்காத இடத்தில் அந்தந்த வார்டின் பழக்கமே தீர்ப்பாகிவிடுகிறது. பழக்கத்தை நாங்கள் பழிக்கவில்லை. பழக்கத்தை விஞ்ஞானத்தின் குரலில் பேசவிடுவதுதான் உறுத்துகிறது.

பெற்றோர் குழாயின் வழியைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது எங்கள் வாதமல்ல. அந்த அறையில் குழந்தையின் நெஞ்சுக்கூடு ஏறி இறங்குவதைக் கண்கொட்டாமல் பார்த்திருக்கும் செவிலியரே அதற்குத் தகுதியானவர். ஆனால் காரணத்தைச் சொல்லலாம் அல்லவா? மூன்றாம் நாள் இரவுப் பணியில் இருந்த செவிலியர் ஒருவர், கேட்காமலே சொன்னார்: "ராத்திரி மூக்குல சீபேப் வெச்சோம்மா, அதான் டியூப வாய்க்கு மாத்திட்டோம்." அரை நிமிடப் பேச்சு. அன்றுதான் அந்தப் பெண் சற்று உறங்கினாள்.

எந்த வழி என்பதைவிடக் கவலைக்குரியது, குழாயின் நுனி எங்கே நிற்கிறது என்பது. நுரையீரலுக்குள் பால் போனால் உயிருக்கே ஆபத்து. குழாயில் காற்றைச் செலுத்தி, வயிற்றில் ஸ்டெதாஸ்கோப் வைத்துச் சத்தம் கேட்கும் முறையை நம்ப வேண்டாம் என்று பிரிட்டனின் நோயாளர் பாதுகாப்பு முகமை 2005-லேயே எச்சரித்தது. குழாய் வழியே சிறிது நீரை உறிஞ்சியெடுத்து அதன் அமிலத்தன்மையைச் சோதிக்கச் சொன்னது. நுனி தவறான இடத்தில் இருந்தாலும் அந்தச் சத்தம் கேட்கக்கூடும் என்பதே காரணம். அதன் பின்னும் பல இடங்களில் காது வைத்துத்தான் கேட்கிறார்கள். பெற்றோர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டென்றால் அது இதுதான்: "உள்ளே சரியாகப் போயிருக்கிறதென்று எப்படிப் பார்த்தீர்கள்?"

எங்கள் நண்பரின் பேத்திக்கு மூன்றாவது வாரம் குழாயை எடுத்துவிட்டார்கள். அதன் பிறகு பாலாடை. நம் பாட்டிமார் வைத்திருந்த அதே பாலாடைதான். இந்திய மருத்துவ நூல்களும் அதை அந்தத் தமிழ்ப் பெயராலேயே குறிப்பிடுகின்றன. முதல் நாள் பாதிப் பால் கழுத்தில் வழிந்தது. தாத்தா துண்டுடன் பக்கத்தில் நின்றார்.