ஆமை சாகத்தான் வேண்டும்

இப்போது வரும் குழந்தைகள் புத்தகங்களைப் புரட்டிப் பார்க்கிறீர்களா? சமீபத்தில் ஒன்று கைக்கு வந்தது. இரண்டு அன்னங்கள் ஒரு குச்சியின் இரு முனைகளைப் பிடித்துக்கொள்ள, நடுவில் வாயால் கவ்வியபடி ஆமை பறக்குமே, அந்தக் கதை. கீழே ஊர் சிரிக்கிறது. ஆமை பதில் சொல்ல வாயைத் திறக்கிறது, விழுகிறது. எங்கே தெரியுமா? வைக்கோல் போர் மேல்! அன்னங்கள் இறங்கி வந்து நலம் விசாரிக்கின்றன. சுபம்.

இது அநியாயம்.

அந்த ஆமை பஞ்சதந்திரத்திலிருந்து புறப்பட்டு, ஆறாம் நூற்றாண்டில் பாரசீகம் போய், எட்டாம் நூற்றாண்டில் அரபு மொழிக்கு மாறி, கடைசியில் பிரான்சில் லா ஃபோந்தேனிடம் வந்து சேர்ந்தது. தன் இரண்டாவது தொகுதியின் முன்னுரையில், இந்திய ஞானி பில்பாய்க்குக் கடன்பட்டிருப்பதாக 1678-இல் அவரே எழுதினார். பிரெஞ்சு வழியில் படித்த எங்களுக்கு அவர் கதைகள் மனப்பாடப் பாடம். ஒரு சொல் தவறினாலும் பிரம்படி. அவரிடம் அன்னம் வாத்தாகிவிட்டது. ஆனால் ஆமை செத்தது. நாடு மாறியும், மொழி மாறியும், மதம் மாறியும் அதன் சாவு மாறவில்லை. நம் காலத்தில்தான் அதற்கு வைக்கோல் போர் கிடைத்திருக்கிறது.

சிவப்புத் தொப்பிச் சிறுமியின் கதையையும் பாருங்கள். ஷார்ல் பெரோ 1697-இல் அதை அச்சேற்றினார். அவரும் நம்மைப் போல அரசாங்க உத்தியோகம் பார்த்து வெளியே வந்தவர், எழுபதை நெருங்கிய கிழவர். அவர் கதையில் ஓநாய் சிறுமியைத் தின்றுவிடுகிறது. அதோடு சரி. வயிற்றைக் கிழித்துக் காப்பாற்றும் வேட்டைக்காரன் 1812-இல் ஜெர்மனியின் கிரிம் சகோதரர்கள் புத்தகத்தில்தான் வருகிறான். பெரோ கடைசியில் ஒரு எச்சரிக்கை மட்டும் வைத்தார்: இனிக்க இனிக்கப் பேசிக்கொண்டு கூடவே வரும் ஓநாய்தான் எல்லாவற்றிலும் ஆபத்தானது.

குழந்தைகள் பயந்துபோவார்கள் என்கிறார்கள். பயப்படட்டுமே! பாட்டி மடியில் இருக்கும்போது பயப்படாமல், வேறு எங்கே போய்ப் பயப்படுவது?

ரூசோ சொன்ன ஆட்சேபணை இன்னும் கனமானது. காகமும் நரியும் கதையைக் கேட்கிற பிள்ளை, ஏமாந்த காகத்தின் பக்கம் நிற்காது, ஜெயித்த நரியின் பக்கம்தான் சாயும் என்று 1762-லேயே எழுதினார். உண்மையாகவே இருக்கலாம். ஆனால் கதையை ஒளித்துவிட்டால் நரி ஒளிந்துவிடுமா? நரி எப்படிக் குழையும் என்று தெரிந்த பிள்ளைதான் நாளைக்கு அதன் குரலை அடையாளம் கண்டுகொள்ளும். இப்போது காகம் வடையைக் காலில் வைத்துக்கொண்டு பாடுவதாக மாற்றிச் சொல்கிறார்கள். கேட்க வேடிக்கைதான். ஆனால் வடையை இழக்காத காகத்துக்குப் புத்தி எங்கிருந்து வந்தது?

என்னோடு வேலை பார்த்த நண்பர் ஒருவருக்கு ஒரு நாள் போன் வந்தது. வங்கியிலிருந்து பேசுவதாகச் சொன்ன குரல், வார்த்தைக்கு வார்த்தை "சார், சார்" என்று குழைந்தது. பணி ஓய்வுக்குப் பிறகு அவரை யாரும் அத்தனை மரியாதையாகக் கூப்பிட்டதில்லை. ஓ.டி.பி. எண்ணைச் சொன்னார். சேமிப்பில் பெரும்பகுதி போயிற்று. அவர் விழுந்த இடத்தில் வைக்கோல் போர் எதுவும் இல்லை.

விழுந்தால் அடிபடும் என்பதைப் பிள்ளைகளுக்கு வலிக்காமல் சொல்லிக்கொடுக்க மனிதன் கண்ட ஒரே வழி கதை. சாவது ஆமை, பிழைத்துக்கொள்வது கேட்கிற பிள்ளை. கதையில் ஆமையைக் காப்பாற்றினால், விழுவதைப் பிள்ளை தானே போய்க் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கும்.

ஆகவே, பேரப்பிள்ளைகள் உள்ளவர்களே, புத்தகத்தை மூடி வைத்துவிட்டு நீங்கள் கேட்டபடியே சொல்லுங்கள். அழுதால் கண்ணைத் துடைத்துவிடுங்கள். முடிவை மட்டும் மாற்றாதீர்கள்.