ஓர் இறால் வழக்கு... எத்தனை சட்டங்கள்?

''மகள் பிளஸ் டூ எழுதியிருக்கிறாள். சட்டம் படிக்க ஆசைப்படுகிறாள். வீட்டில் எல்லோருக்கும் தெரிந்தது சிவில், கிரிமினல் இரண்டுதான். வேறு என்னென்ன பிரிவுகள் உள்ளன? விவசாயிகளுக்கும் மீனவர்களுக்கும் அவை எப்படிப் பயன்படும்?''

- வாசகர், திருப்பாலைவனம்.

இந்தக் கேள்விக்கான பதில் பக்கத்தில், பழவேற்காடு ஏரிக்கரையிலேயே கிடக்கிறது.

1990-களில் தமிழகக் கடலோரத்தில் இறால் பண்ணைகள் பெருகின. நெல் வயலில் உப்பு ஏறுகிறது, குடிநீர்க் கிணறு கெடுகிறது, கடலுக்குப் போகும் வழி அடைபடுகிறது என்று மக்கள் போராடினார்கள். காந்தியவாதி ஜெகந்நாதன் 1994-ல் நேராக உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். 'உங்கள் நிலம் எங்கே போனது?' என்று அவரை யாரும் கேட்கவில்லை. பலருடைய அடிப்படை உரிமை பறிபோகும்போது, அவர்களுக்காக இன்னொருவர் பொதுநல வழக்குப் போடலாம். இது அரசியலமைப்புச் சட்டம்.

1996, டிசம்பர் 11-ம் தேதி தீர்ப்பு வந்தது. பழவேற்காடு, சிலிகா ஏரிகளிலிருந்து 1,000 மீட்டருக்குள் இறால் பண்ணை அமைக்கக் கூடாது, விளைநிலத்தை இறால் குளமாக மாற்றக் கூடாது என்றது. பாரம்பரிய முறை வளர்ப்புக்கு மட்டும் விலக்கு கிடைத்தது. இது சுற்றுச்சூழல் சட்டம். கெடுத்தவரே நஷ்டஈடு தர வேண்டும் என்பதும் அதே தீர்ப்பில் உண்டு. மூடப்படும் பண்ணைகளில் ஓராண்டாவது வேலை பார்த்தவர்களுக்கு, வழக்கமான இழப்பீட்டோடு ஆறு ஆண்டுச் சம்பளமும் தரச் சொன்னது. அது தொழிலாளர் சட்டம். பலரும் கவனிக்காத பகுதி இதுதான்.

கதை அங்கே முடியவில்லை. 2005-ல் நாடாளுமன்றம் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டத்தைக் கொண்டுவந்தது. 1991-ம் ஆண்டின் கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கையில் இருந்த தடை இந்தத் தொழிலுக்குப் பொருந்தாது என்றும், பண்ணைகள் ஆணையத்தில் பதிவு செய்ய வேண்டும் என்றும் அது சொன்னது. ஒரு தீர்ப்புக்கு அடிப்படையான சட்டத்தையே நாடாளுமன்றம் மாற்ற முடியும்.

இனி, வீட்டில் தெரிந்த அந்த இரண்டு. பக்கத்துக்காரர் வேண்டுமென்றே வரப்பை வெட்டி, உப்புத் தண்ணீரை நெல் வயலில் விடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அது குற்றம். காவல் நிலையத்தில் புகார் கொடுக்கலாம். 2024 ஜூலை 1 முதல் இதற்குப் பாரதிய நியாய சன்ஹிதா பொருந்தும். 'இனி தண்ணீர் விடாதே' என்ற தடை உத்தரவும் பயிருக்கு நஷ்டஈடும் வேண்டுமென்றால் சிவில் கோர்ட்தான். ஒரே செயலுக்கு இரண்டு வழியிலும் போகலாம். ஆனால் வரப்பு யாருடையது என்று போலீஸ் தீர்ப்புச் சொல்ல முடியாது. பட்டா, அளவை எல்லாம் வருவாய்த் துறையின் வேலை. அதற்குத் தாசில்தாரிடம் போக வேண்டும். பட்டா இருப்பதாலேயே நிலம் சொந்தம் என்று ஆகிவிடாது. சொந்தம் யாருக்கு என்பதை சிவில் கோர்ட்தான் முடிவு செய்யும்.

இது தெரியாமல் ஸ்டேஷனுக்கும் மனு நாளுக்கும் வருடக்கணக்கில் அலைகிறார்கள். அதற்குள் கெடு முடிந்துவிடுகிறது. கொடுத்த கடனைக் கேட்டு வழக்குப் போட பொதுவாக 3 ஆண்டு, பறிபோன நிலத்தை மீட்க 12 ஆண்டு. மனு கொடுத்துக்கொண்டே இருந்ததால் கெடு நீளாது.

பழவேற்காட்டு மீனவர்களின் 'பாடு' முறையும் மகள் படிக்க வேண்டிய பாடம்தான். ஏரியில் வலை போடும் இடங்களைச் சீட்டுப் போட்டு முறை வைத்துப் பிரித்துக்கொள்கிறார்கள். எந்தச் சட்டசபையும் இயற்றாத ஏற்பாடு அது. அரசியலமைப்பின் 13-வது பிரிவு, சட்டத்தின் வலுவுள்ள வழக்காற்றையும் 'சட்டம்' என்ற சொல்லுக்குள் சேர்க்கிறது. அதனால் அடிப்படை உரிமையை மீறினால் வழக்காறும் செல்லாது. 'எங்களை ஏன் சேர்க்கவில்லை?' என்று வெளியே நிற்பவர் கேட்கும்போது, இந்தப் பிரிவுதான் பேசப்படும்.

பிளஸ் டூ முடித்தவர்கள் 5 ஆண்டுப் படிப்பிலும், பட்டதாரிகள் 3 ஆண்டுப் படிப்பிலும் சேரலாம். அரசு சட்டக் கல்லூரிகளுக்கான விண்ணப்பத்தைத் தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம் வாங்குகிறது. திருவள்ளூர் மாவட்டத்திலேயே, பட்டரைப்பெரும்புதூரில் ஓர் அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது.

இப்போதே வழக்கு வைத்திருப்பவர்கள் சட்டப்பணிகள் ஆணைக் குழுவை அணுகலாம். பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் கிடைப்பார். இலவச அழைப்பு எண்: 15100.