வலி நிஜமா, நடிப்பா?

எங்கள் அண்ணிக்கு இரண்டு வருஷமாக உடம்பெல்லாம் வலி. இன்றைக்குத் தோள், நாளைக்கு முதுகு, மறுநாள் முழங்கால். எக்ஸ்ரே எடுத்தாயிற்று, ரத்தமும் பார்த்தாயிற்று. "எல்லாம் நார்மல். மனசைத் தைரியமா வெச்சுக்குங்க" என்று டாக்டர் அனுப்பிவிட்டார். அன்று ராத்திரி அண்ணி என்னிடம், "வலியைக்கூடத் தாங்கிக்கிறேன். வேலைக்குப் பயந்து நடிக்கிறேன்னு வீட்டிலே நினைக்கிறாங்களே, அதைத்தான் தாங்க முடியலே" என்றார். எனக்குச் சுருக்கென்றது. நானும் அப்படி நினைத்தவள்தானே!

ஜுரத்துக்குத் தெர்மாமீட்டர் மாதிரி வலிக்கு ஒன்று இல்லை. ஆனால் சகோதரிகளே, வலியை அடக்க நம் உடம்பே ஒரு 'பிரேக்' வைத்திருக்கிறது. அது சரியாகப் பிடிக்கிறதா என்று அளக்க வழி இருக்கிறது.

ஊசி போடும்போது உதட்டைக் கடித்துக்கொள்கிறோம் அல்லவா? ஓரிடத்து வலி இன்னோரிடத்து வலியைக் கொஞ்சம் அமுக்கும். மூளையின் அடிப்பகுதியிலிருந்து தண்டுவடத்துக்கு இறங்குகிற நரம்புகள், மேலே ஏறி வரும் வலிச் செய்தியை மட்டுப்படுத்துவதுதான் காரணம். 1979-ல் லெ பார்ஸ், டிக்கன்சன், பெஸோன் என்ற மூவர் பாரிஸில் எலிகளை வைத்து இதை விளக்கினார்கள்.

மனிதர்களிடம் எப்படி அளக்கிறார்கள்? ரப்பர் முனை வைத்த கருவியால் ஒரு கையில் மெள்ள அழுத்துவார்கள். வலி ஆரம்பிக்கிற அளவைக் குறித்துக்கொள்வார்கள். பிறகு மற்ற கையை ஐஸ் தண்ணீரில் வைக்கச் சொல்லி, மறுபடி அழுத்துவார்கள். முதலில் 3 கிலோவில் வலித்தது, இப்போது 4 கிலோவில்தான் வலிக்கிறது என்றால் பிரேக் பிடிக்கிறது. அதே 3 கிலோவிலேயே வலித்தால் பிரேக் தளர்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

"அதிலும் வாயால் சொல்வதைத்தானே நம்ப வேண்டியிருக்கு?" என்பீர்கள். அதற்கும் ஒரு வழி உண்டு. கணுக்கால் நரம்பில் லேசான மின்சாரம் கொடுத்தால், பின் தொடைத் தசை தானாகவே வெட்டி இழுக்கும். அதைக் கருவியில் பதிவு செய்யலாம். கை ஐஸ் தண்ணீரில் இருக்கும்போது அந்த இழுப்பு குறைகிறதா என்று பார்ப்பார்கள். வாய் திறந்து எதுவும் சொல்ல வேண்டாம். ஆனாலும் அளப்பது பிரேக்கைத்தான். வலியை அல்ல.

இதனால் என்ன பிரயோஜனம்? 2008-ல் இஸ்ரேலில், மார்புக் கூட்டைத் திறந்து ஆபரேஷன் செய்துகொள்ள இருந்தவர்களை முன்கூட்டியே இப்படிச் சோதித்தார்கள். பிரேக் நன்றாகப் பிடித்தவர்களுக்குப் பிற்பாடு நாள்பட்ட வலி தங்குவது குறைவாக இருந்தது. உடம்பு முழுக்க வலிக்கிற ஃபைப்ரோமயால்ஜியா நோயாளிகள் பலரிடமும் பிரேக் தளர்ந்தே காணப்படுகிறது. எக்ஸ்ரேயில் இது தெரியாது!

ஒரு எச்சரிக்கை. இதை வீட்டில் செய்து பார்க்காதீர்கள். ஐஸ் தண்ணீர் ரத்த அழுத்தத்தை ஏற்றும். ஒரே ஆளுக்கே அளவு நாளுக்கு நாள் மாறுவதால், எல்லா ஆஸ்பத்திரியிலும் செய்கிற சோதனையாகவும் இது வரவில்லை. ஆகவே ஒருவர் நடிக்கிறாரா என்று பிடிக்க இதைப் பயன்படுத்த முடியாது. வலி ஆராய்ச்சிக்கான சர்வதேசச் சங்கம் 2020-ல் வலிக்கு எழுதிய விளக்கத்திலேயே, வலிக்கிறது என்று ஒருவர் சொன்னால் அதை மதிக்க வேண்டும் என்று சேர்த்திருக்கிறது.

இன்னொரு விஷயம்தான் என்னை உலுக்கிவிட்டது. 2007-ல் அமெரிக்காவில் ஆரோக்கியமான பெண்களை வைத்து ஓர் ஆராய்ச்சி நடந்தது. ராத்திரியில் அடிக்கடி எழுப்பப்பட்டவர்களுக்கு இந்தப் பிரேக் தளர்ந்தது. எழுப்பாமல் தூங்கும் நேரத்தை மட்டும் குறைத்தவர்களுக்கு அப்படி ஆகவில்லை.

எங்கள் வீட்டில் படுக்கையில் இருக்கிற என் அம்மாவுக்கு ராத்திரி நாலு தடவை எழுந்திருப்பது யார்? அண்ணிதான்! அண்ணாவிடம் சண்டை போட்டே முறை மாற்றினோம். இப்போது வாரத்தில் நாலு ராத்திரி அண்ணாவும் நானும் பார்த்துக்கொள்கிறோம். வலி பறந்து போய்விட்டது என்று கதை விடமாட்டேன். தோள்வலி இன்னும் இருக்கிறது, டாக்டரையும் பார்த்துக்கொண்டிருக்கிறோம். ஆனால், "வலிக்குது" என்று அண்ணி சொன்னால், இப்போது வீட்டில் யாரும் முகத்தைத் திருப்பிக்கொள்வதில்லை.

உங்கள் வீட்டிலும் அப்படி ஓர் அண்ணி இருக்கலாம். இன்றைக்கு ராத்திரி எத்தனை தடவை எழுந்திருக்கிறார் என்று கொஞ்சம் கவனித்துப் பாருங்களேன்.