எடைக்கல்லுக்கு முத்திரை குத்துவது யார்?

குரோம் உலாவியில் கோடிக்கணக்கானோர் நம்பியிருந்த ‘யூபிளாக் ஆரிஜின்’ விளம்பரத் தடுப்பான் 2025-இல் செயலிழந்தது. உலாவியில் சேர்க்கும் இத்தகைய நீட்சிகளுக்கான விதிகளைக் கூகுள் மாற்றியதே காரணம். ‘மேனிஃபெஸ்ட் வி3’ என்னும் புதிய விதி பயனர்களின் பாதுகாப்புக்காக என்கிறது நிறுவனம். குரோமுக்குள்ளேயே கூகுள் பொருத்தியிருக்கும் சொந்த விளம்பர வடிகட்டிக்கு அந்த விதியால் எந்தச் சேதமும் இல்லை.

2018 பிப்ரவரி 15 முதல் இயங்கும் வடிகட்டி அது. எவை தொல்லை தரும் விளம்பரங்கள் என்று வரையறுத்தது, கூகுளும் ஃபேஸ்புக்கும் உறுப்பினராக இருந்த ஒரு தொழில் கூட்டமைப்பு. கணினியில் 4 வகை, கைபேசியில் 8 வகை. யூடியூப் காணொளிக்கு முன்னால் ஓடும் விளம்பரம் அந்தப் பட்டியலில் இல்லை. காணொளிகளுக்கான விதி 2020-இல்தான் வந்தது. அதன்படியும், 5 விநாடியில் தாண்ட முடிந்தால் முன்விளம்பரம் எவ்வளவு நேரமும் ஓடலாம்.

சந்தையில் காய்கறி விற்பவர் தன் எடைக்கல்லுக்குத் தானே முத்திரை குத்திக்கொள்ள முடியாது. சட்டமுறை எடையளவுத் துறை சரிபார்த்து முத்திரையிட வேண்டும். முத்திரையில்லாத கல்லைப் பயன்படுத்தினால் அபராதம். வியாபாரி நேர்மையானவரா என்று சட்டம் விசாரிப்பதில்லை. கல்லும் முத்திரையும் ஒரே கையில் இருக்கக் கூடாது, அவ்வளவுதான். தள்ளுவண்டிக்காரருக்கு உள்ள இந்தக் கட்டுப்பாடு, 2024-இல் விளம்பரத்தில் மட்டும் சுமார் 26,460 கோடி டாலர் ஈட்டிய நிறுவனத்துக்கு இல்லை. தாய் நிறுவனமான ஆல்ஃபபெட்டின் மொத்த வருவாயில் அது நான்கில் மூன்று பங்கு!

விதிமீறும் தளங்களில் கூகுளின் விளம்பரங்களும் சேர்ந்தே தடுக்கப்படுகின்றன என்று கூகுள் தரப்பில் வாதாடுகிறார்கள். வீண் வாதம். எது மீறல் என்று எழுதிய மேசையில் கூகுளும் உட்கார்ந்திருந்தது.

இந்த வடிகட்டியை உன்னிப்பாகக் கவனிப்போம் என்று ஐரோப்பியப் போட்டி ஆணையர் மார்கரெட் வெஸ்டாகர் 2017-லேயே சொன்னார். 2025 ஏப்ரலில் அமெரிக்க நீதிபதி லியோனி பிரிங்கெமா, விளம்பரத் தொழில்நுட்பச் சந்தைகளில் கூகுள் சட்டவிரோத ஏகபோகம் நடத்தியதாகத் தீர்ப்பளித்தார். செப்டம்பரில் ஐரோப்பிய ஆணையம் கூகுளுக்கு 295 கோடி யூரோ அபராதம் விதித்தது. இத்தனைக்குப் பிறகும் வடிகட்டி கூகுளின் கையிலேயே இருக்கிறது.

கூகுள் மீதான தேடல் ஏகபோக வழக்கில், குரோமை அந்நிறுவனத்திடமிருந்து பிரிக்கச் சொன்ன அமெரிக்க அரசின் கோரிக்கையை அதே செப்டம்பரில் நீதிபதி அமித் மேத்தா நிராகரித்தது பெரும் பிழை. குரோமைப் பிரித்தே ஆக வேண்டும். அதுவரை, எந்த விளம்பரத்தைத் தடுப்பது என்ற விதியை விளம்பரத்தில் ஒரு காசும் சம்பாதிக்காத பொது அமைப்பு எழுதட்டும்.