தட்டு மாற்றிய பின் முறிந்தால் மோதிரம் யாருக்கு?

பாலக்காடு மாவட்டத்தின் கஞ்சிக்கோட்டுப் பக்கம் நடக்கும் நிச்சயதார்த்தங்களில் இரண்டு வழக்கங்கள் ஒரே மேடையில் கூடிவிடுகின்றன. ஒன்று தமிழ்க் குடும்பங்களின் தாம்பூலத் தட்டு. இன்னொன்று கேரளத்தில் ஊறிப்போன மோதிர மாற்றம். பெண் விரலில் ஏறும் மோதிரத்தில் மாப்பிள்ளையின் பெயர், மாப்பிள்ளை விரலில் ஏறுவதில் பெண்ணின் பெயர். பெரியவர்கள் வெற்றிலை பாக்கு மாற்றி நாள் குறித்துவிட்டால் அன்றிலிருந்து இரு வீடும் சம்பந்தி வீடு. வாளையாறு தாண்டிக் கோவையிலும், கொழிஞ்சாம்பாறை வழியே பொள்ளாச்சியிலும் பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் எல்லைப் பகுதி இது.

அந்தக் கல்யாணம் நின்றுபோனால் பேச்சு உடனே தங்கத்துக்கு வந்துவிடுகிறது. “எங்க மோதிரத்தைக் கொடுத்துருங்க” என்கிறது ஒரு வீடு. “மண்டபத்துக்குக் கட்டின அட்வான்ஸுக்கு என்ன வழி?” என்கிறது மறு வீடு. 2020 தொடக்கத்தில் சுமார் 30,000 ரூபாயாக இருந்த ஒரு பவுன், 2025 அக்டோபரில் 90,000 ரூபாயைத் தாண்டியது. அரைப் பவுன் மோதிரம் என்றாலும் தொழிற்பேட்டைச் சம்பளத்தில் வாழும் வீட்டுக்கு அது பெரிய தொகை. அற்பச் சண்டை என்று இதை ஒதுக்கிவிட முடியாது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கல்யாணம் நடக்கும் என்ற நம்பிக்கையில் கொடுத்த மோதிரம், கல்யாணம் நடக்காவிட்டால் கொடுத்த வீட்டுக்கே திரும்ப வேண்டும். யார் முறித்தார்கள், எதற்கு முறித்தார்கள் என்ற விசாரணையை மோதிரத்தோடு முடிச்சுப் போடக் கூடாது. செலவுக் கணக்கு வேறு. அதைத் தனியே உட்கார்ந்து பேச வேண்டும்.

நிச்சய மோதிரத்துக்கென்று இந்தியாவில் தனிச் சட்டம் கிடையாது. 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டமும் 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டமும்தான் கைக்கு எட்டுகின்றன. நிச்சயம் என்பது ஒப்பந்தம்தான்; ஆனால் கட்டாயப்படுத்தி நிறைவேற்ற முடியாத ஒப்பந்தம். தாலி கட்டு என்று எந்த நீதிமன்றமும் உத்தரவிடாது என்பது 1875-இல் கல்கத்தா உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்த காலத்திலேயே தெளிவாகிவிட்டது. நியாயமில்லாமல் முறித்தவரிடம் ஒப்பந்தச் சட்டத்தின் 73-ஆம் பிரிவின்படி நஷ்ட ஈடு கேட்கலாம், அவ்வளவுதான்.

மோதிரத்தின் கதை இன்னும் சிக்கலானது. மனமுவந்து, கைம்மாறு எதிர்பாராமல் கொடுத்ததை மற்றவர் ஏற்றுக்கொண்டால் அது கொடை என்கிறது சொத்து மாற்றுச் சட்டம். ஒரு குறிப்பிட்ட நிகழ்வு நேர்ந்தால் கொடை ரத்தாகும் என்று இரு தரப்பும் ஒப்புக்கொள்ளலாம் என்று 126-ஆம் பிரிவு இடம் தருகிறது. ஆனால் அந்த நிகழ்வு கொடுத்தவரின் விருப்பத்தைப் பொறுத்ததாக இருக்கக் கூடாது. இதை அப்படியே பொருத்தினால், தானே கல்யாணத்தை நிறுத்திவிட்டு மோதிரத்தையும் கேட்கும் மாப்பிள்ளையின் வழக்கு தள்ளாடும். முஸ்லிம் சட்டப்படியான கொடையை இந்த அத்தியாயம் கட்டுப்படுத்தாது என்பதால், பாலக்காட்டு ராவுத்தர் குடும்பங்களுக்குக் கணக்கு மறுபடியும் மாறும். இதற்கெல்லாம் மேல் ஒன்று இருக்கிறது: முன்கூட்டியே ஒப்புக்கொள்பவர் யார்? லக்னப் பத்திரிகையில் முகூர்த்த நேரம் இருக்கும், மூன்று தலைமுறைப் பெயர்கூட இருக்கும். நின்றுபோனால் என்ன செய்வது என்று ஒரு வரி இருக்காது. அபசகுனம் என்று வாயை மூடிவிடுகிறோம்.

பிறகு கோபத்தில் காவல் நிலையத்துக்கு ஓடுகிறோம். அங்கே பெரும்பாலும் தீர்வு கிடைக்காது. கர்நாடகத்தில் ஒரு பெண் வீட்டார் மண்டபத்துக்கு 75,000 ரூபாய் முன்பணம் கட்டியிருந்தார்கள். மாப்பிள்ளையோ வேறொரு பெண்ணை மணந்துகொண்டார். மோசடி வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. தொடக்கத்திலிருந்தே ஏமாற்றும் எண்ணம் இருந்ததற்கு ஆதாரம் இல்லாதபோது கல்யாணப் பேச்சு முறிந்ததை மோசடி என்று சொல்ல முடியாது என்று 2024 பிப்ரவரியில் அந்த வழக்கை நீதிமன்றம் ரத்து செய்தது. தீர்ப்பு எனக்குச் சரியாகவே படுகிறது. மனம் மாறுவது குற்றம் என்றால் நிச்சயமே சிறை வாசல் ஆகிவிடும்.

இந்தக் கேள்வி புதிதும் அல்ல. வாக்குக் கொடுத்த பெண்ணை முறையான காரணமின்றி மறுத்தால், மாப்பிள்ளை வீட்டார் செய்த செலவை வட்டியோடு திருப்பித் தர வேண்டும் என்கிறது யாக்ஞவல்கிய ஸ்மிருதி. தக்க காரணம் இருந்தால் தண்டனை இல்லை என்று அதற்கு விளக்கம் தருகிறது விஞ்ஞானேஸ்வரரின் மிதாக்ஷரா உரை. நிச்சயித்த பின் பெண் இறந்துவிட்டால் என்ன செய்வது என்பதற்கும் அங்கே விடை உண்டு. மாப்பிள்ளை கொடுத்த மோதிரம் முதலான பொருள்களை அவரே திரும்ப எடுத்துக்கொள்ளலாம், ஆனால் இரு வீட்டுச் செலவையும் கழித்துவிட்டு. பெண்ணுக்கு அவள் தாய்வழிப் பாட்டன் போட்ட நகைகள் அவள் உடன்பிறந்தாருக்கு. சாதியையும் ஆண் அதிகாரத்தையும் தூக்கிப் பிடித்த நூல்களை இன்றைக்கு வழிகாட்டியாக்கச் சொல்லவில்லை. ஆனால் பொருள் வேறு, செலவு வேறு என்று அவர்கள் பிரித்த நேர்த்தியை நாம் தொலைத்துவிட்டோம்.

வெளிநாட்டு நீதிமன்றங்களும் இதே இடத்தில்தான் முட்டி மோதின. முறித்தவர் ஆண் என்றால் மோதிரம் பெண்ணுக்கு, பெண் என்றால் ஆணுக்கு என்று இங்கிலாந்தில் 1926-இல் ஒரு தீர்ப்பு சொன்னது. 1970-ஆம் ஆண்டுச் சட்டம் அதை மாற்றி, மோதிரம் முழுக் கொடையே என்று ஊகிக்கச் சொன்னது. திருப்பித் தர வேண்டும் என்ற நிபந்தனை இருந்ததாகக் காட்டினால் மட்டுமே அந்த ஊகம் விலகும். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1959 முதல் குற்றம் யார் மேல் என்று பார்த்துத்தான் தீர்த்தார்கள். 70,000 டாலர் மோதிரம் ஒன்றைப் பற்றிய வழக்கில் 2024 நவம்பரில் அம்மாநில உச்ச நீதிமன்றம் அந்த வழியைக் கைவிட்டது. யார் மேல் பிழை என்று பார்க்காமல், கொடுத்தவருக்கே மோதிரம் என்றது.

எனக்கு இந்த மாசசூசெட்ஸ் வழி பிடிக்கக் காரணம் மோதிரம் அல்ல, பெண்.

நம் ஊரில் நிச்சயம் முறிந்தால் “ஏன்?” என்ற கேள்வி பெண் வீட்டு வாசலில்தான் வந்து நிற்கும். மாப்பிள்ளை குடிப்பவர் என்று தெரிந்திருக்கலாம். போனில் பேசிய விதத்தில் அவளுக்குப் பயம் தட்டியிருக்கலாம். படிப்பை நிறுத்தச் சொல்லியிருக்கலாம். இவற்றில் எதை அவள் பஞ்சாயத்தில் நிரூபிப்பாள்? குற்றம் பார்த்து மோதிரத்தைத் தீர்ப்பது என்று வைத்துக்கொண்டால், அவள் பயத்துக்கு அவளே சாட்சி கொண்டுவர வேண்டியிருக்கும். வராவிட்டால் முறித்தவள் என்ற பெயரும் மிஞ்சும், நகையும் செலவும் தலையில் விழும். அந்தக் கணக்குக்குப் பயந்தே “இனி என்ன செய்ய, கட்டிக்கோ கண்ணு” என்று எத்தனை வீடுகளில் பெண்ணைச் சமாதானப்படுத்துகிறார்கள்! நிச்சயத்தை விட்டு வெளியே வரும் கதவு பூட்டப்படக் கூடாது. மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்தாள், கதை முடிந்தது என்பதே அவளுக்குப் பாதுகாப்பு.

பெண் வீட்டிலிருந்து போன தங்கத்துக்கும் இதே விதி பொருந்தும். இன்னும் கடுமையாகப் பொருந்த வேண்டும். மாப்பிள்ளைக்குச் செயின், மோதிரம், கைக்கடிகாரம் என்று நிச்சயத்தன்றே போவது, கேட்டு வாங்கியது என்றால் அது வரதட்சணை. 1961-ஆம் ஆண்டு வரதட்சணைத் தடுப்புச் சட்டம் கல்யாணத்துக்கு முன் கொடுத்ததையும் சேர்த்தே சொல்கிறது. கல்யாணம் நடக்காமலேயே போனாலும் வரதட்சணை கேட்டது குற்றமே என்று 1996-இல் உச்ச நீதிமன்றம் விளக்கியது. ஆனால் அதே சட்டத்தின் 6-ஆம் பிரிவில் ஓர் ஓட்டை இருக்கிறது. கல்யாணத்துக்கு முன் வாங்கிய வரதட்சணையைக் கல்யாணத் தேதியிலிருந்து மூன்று மாதத்துக்குள் பெண்ணிடம் ஒப்படைக்கச் சொல்கிறது அது. கல்யாணமே நடக்காவிட்டால் அந்த மூன்று மாதத்தை எந்த நாளிலிருந்து எண்ணுவது? நிச்சயம் முறிந்த நாளிலிருந்து எண்ண வேண்டும் என்று ஒரு வரி சேர்த்தால் போதும். அதை நாடாளுமன்றம் செய்ய வேண்டும்.

திருப்பித் தருவது பணமா, தங்கமா என்பதிலும் வீடுகள் உடைகின்றன. வாங்கிய அன்று கொடுத்த ரூபாயைத் தருகிறோம் என்பது விலை ஏறும் காலத்தில் நியாயமாகாது. மோதிரம் இருந்தால் மோதிரம், இல்லையென்றால் அதே எடைத் தங்கம். பெயர் பொறித்த மோதிரத்தை உருக்கத்தான் வேண்டும். செய்கூலி, சேதாரம் போனது போனதுதான். அதைக் கொடுத்த வீடு தாங்கிக்கொள்ள வேண்டும். மண்டபம், பந்தல், சாப்பாடு, ஜவுளி ஆகியவற்றை ரசீதோடு தனியாகப் பேசலாம். நியாயமில்லாமல் கடைசி நாளில் கைவிட்டவர் அதில் பங்கு தரத்தான் வேண்டும். ஆனால் அதற்குப் பிணையாக மோதிரத்தைப் பிடித்து வைப்பது முறையல்ல.

பேச்சில் முடியாவிட்டால் போக வேண்டிய இடம் இருக்கிறது. வழக்குப் போடும் முன்பே பாலக்காடு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையத்தை அணுகலாம். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசச் சட்ட உதவி 1987-ஆம் ஆண்டுச் சட்டம் கொடுத்த உரிமை. லோக் அதாலத்தில் எட்டும் உடன்பாட்டுக்கு மேல்முறையீடு கிடையாது என்பதால் பகை நீளாது. பஞ்சாயத்துகளில் உள்ள ஜாக்ரதா சமிதியும் பெண்ணின் பக்கம் கேட்கும் ஒரு வாசல். ஒப்பந்தம் மீறியதற்கு நஷ்ட ஈடு கேட்க மூன்று ஆண்டுகள்தான் காலவரம்பு என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

இலங்கையில், எழுத்தில் இல்லாத கல்யாண வாக்குறுதிக்காக நஷ்ட ஈட்டு வழக்கே போட முடியாது என்று 1907-ஆம் ஆண்டின் திருமணப் பதிவுச் சட்டம் வைத்தது. அந்த அளவுக்கு நாம் போக வேண்டாம். ஆனால் லக்னப் பத்திரிகை எழுதும் அதே நாளில், இரு வீடும் மனமுவந்து கொடுத்த பொருள்களின் எடையோடு ஒரு பட்டியலும், கல்யாணம் நடக்காவிட்டால் காரணம் பாராமல் ஒரு மாதத்துக்குள் அவரவர் பொருள் அவரவருக்கு என்ற ஒரு வரியும் எழுதிக் கையெழுத்துப் போடலாமே. கேட்டு வாங்கியது எதையும் அதில் ஏற்றக் கூடாது. வரதட்சணை ஒப்பந்தம் சட்டப்படி செல்லாது. தட்டு மாற்றும் பெரியவர்களே, அடுத்த நிச்சயத்திலிருந்து இதைத் தொடங்குங்கள். மோதிரத்தைக் கழற்றித் தரும் பெண்ணிடம் காரணம் கேட்காமல் வாங்கிக்கொள்ளுங்கள்.