ஐயம் வேறு, திரிபு வேறு

கருத்து இல்லாத மனிதர் இல்லை. தேநீர்க் கடையின் மரப்பலகையிலும், திருமண விருந்துப் பந்தியிலும், தொழுகை முடிந்து பள்ளிவாசல் வாயிலில் நின்று பேசும் வேளையிலும் நாட்டின் அறிவியலும் அரசின் திட்டங்களும் நாள்தோறும் அலசப்படுகின்றன. செல்பேசிக் கோபுரம் பற்றி ஒருவர் கூறுவார். நியாயவிலைக் கடை அரிசி பற்றி மற்றொருவர் கூறுவார். பள்ளியில் பிள்ளைக்குப் போட்ட ஊசி பற்றி மூன்றாமவர் குரலை உயர்த்துவார். இவற்றை ‘அறியாமை’ என்று ஒரே சொல்லால் ஒதுக்கிவிடுவது கற்றோரிடையே வழக்கமாகிவிட்டது. அவ்வாறு ஒதுக்குவது முறையன்று என்பதும், அவற்றை அப்படியே ஏற்பது அதனினும் தீது என்பதும் நம் கருத்து.

தமிழில் ‘ஐயந்திரிபற’ என்றொரு தொடர் உண்டு. நாம் வகுப்பறையில் அன்றாடம் வழங்குவது. அதனுள் இரு சொற்கள் அடங்கியுள்ளன. மங்கிய ஒளியில் கிடப்பது கயிறோ பாம்போ எனத் தயங்கி நிற்பது ஐயம். கயிற்றையே பாம்பெனத் துணிந்து ஊரைக் கூட்டுவது திரிபு. ஐயம் விளக்கைத் தேடும். திரிபு தடியைத் தேடும். பொதுநல மருத்துவம் பற்றிய நம் அன்றாடக் கருத்துகளுள் எது ஐயம், எது திரிபு எனப் பிரித்தறிவதே இன்று நமக்குள்ள முதற்கடமை. இதனை வெறும் கொள்கையாகக் கூறாமல், நம் நாட்டில் நிகழ்ந்த ஒன்றைக் கொண்டு காண்போம்.

சொட்டு மருந்து கற்பித்த பாடம்

1994இல் தில்லியில் தொடங்கி, 1995ஆம் ஆண்டின் இறுதியில் நாடெங்கும் விரிந்த போலியோ சொட்டு மருந்து இயக்கத்தை நாம் அறிவோம். தமிழகத்தில் அது பெரும் தடையின்றி நடைபெற்றது. ஆயின் உத்தரப் பிரதேசத்தின் மேற்குப் பகுதியில், மொராதாபாத், மீரட், அலிகார் போன்ற மாவட்டங்களில், பல வீடுகளின் கதவுகள் பணியாளர்களுக்குத் திறக்கவில்லை. அக்கதவுகளுள் கணிசமானவை முஸ்லிம் குடும்பங்களின் கதவுகள். அங்கு மூன்று கருத்துகள் வாய்வழியே உலவின.

முதலாவது, ‘இம்மருந்தைக் குடித்த பிள்ளைக்குப் பிற்காலத்தில் மகப்பேறு இராது’ என்பது. இது முற்றிலும் பொய். உலகெங்கும் கோடிக்கணக்கான குழந்தைகள் இம்மருந்தைக் குடித்து, வளர்ந்து, பெற்றோராகியுள்ளனர். எனினும் இப்பொய் எந்த மண்ணில் வேர்விட்டது என்பதையும் நாம் பார்த்தல் வேண்டும். நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-77ஆம் ஆண்டில் மட்டும், நாட்டில் 80 இலட்சத்திற்கும் மேற்பட்ட கருத்தடை அறுவைகள் செய்யப்பட்டன. அவற்றுள் பல கட்டாயத்தின்பேரில் நிகழ்ந்தவை. 1976 நவம்பரில், அரியானாவில் மேவாத்தி முஸ்லிம்கள் வாழும் உட்டாவர் என்னும் சிற்றூரைக் காவல்துறை சூழ்ந்துகொண்டு ஆடவரை அள்ளிச் சென்று கருத்தடை செய்வித்தது. அரசு வீடு தேடி வந்தால் அஞ்ச வேண்டும் என்னும் பாடத்தை அத்தலைமுறைக்குக் கற்பித்தது அரசேயாகும். பெற்றோர் பட்ட அச்சம் பிள்ளைகளின் காலத்தில் மருந்தின்மேல் விழுந்தது. அச்சத்திற்குக் காரணம் இருந்தது. மருந்தின்மேல் சாட்டிய குற்றத்திற்குக் காரணம் இல்லை. ஐயம் திரிபாக மாறிய இடம் இதுவே.

இரண்டாவது, ‘ஏழெட்டு முறை குடித்த பிள்ளைக்கும் கால் முடங்கிற்றே, பிறகு இம்மருந்தால் என்ன பயன்?’ என்பது. படித்தவர் பலர் இதனையும் வதந்திப் பட்டியலில் சேர்த்தனர். ஆனால் அந்த ஏழைத் தாயர் கண்ணால் கண்டது மெய்யே. வயிற்றுப்போக்கும் பிற கிருமிகளும் ஓயாது தாக்கும் சூழலில் வளரும் குழந்தையின் குடலில் இம்மருந்து எளிதில் பலனளிப்பதில்லை. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் டாக்டர் டி. ஜேக்கப் ஜான் 1970களிலேயே, நம் வெப்ப நாட்டுக் குழந்தைகளிடம் இம்மருந்தின் பயன் குறைவாக இருப்பதை ஆய்ந்து வெளியிட்டிருந்தார். அன்றியும், போலியோக் கிருமி மூன்று வகைப்படும். மூன்றையும் எதிர்க்கும் கலவை மருந்தில், இரண்டாம் வகைக்குரிய கூறு மற்ற இரண்டின் செயலைத் தடுத்தது. இயற்கையில் இரண்டாம் வகைக் கிருமியோ 1999இல் அலிகாரில் கடைசியாகக் காணப்பட்டதோடு மறைந்துவிட்டது. எனவே 2005இல் ஒரு வகைக்கு மட்டுமான மருந்தும், 2010 ஜனவரியில் இரு வகைக்கான மருந்தும் கொண்டுவரப்பட்டன. விளைவு என்ன? 2009இல் 741ஆக இருந்த நோயாளிகளின் எண்ணிக்கை 2010இல் 42ஆகக் குறைந்தது. 2011 ஜனவரி 13இல் மேற்கு வங்கத்தின் ஹௌரா மாவட்டத்தில் ஒரு குழந்தைக்குக் கண்டதே இறுதி. 2014 மார்ச் 27இல் உலக சுகாதார நிறுவனம் இந்தியாவைப் போலியோ அற்ற நாடாக அறிவித்தது. புதிய மருந்தோடு, விடுபட்ட குழந்தைகளைத் தேடிச் சென்ற உழைப்பும் சேர்ந்தே இதனைச் சாதித்தது. தாய்மார் எழுப்பிய கேள்வியை முன்னரே செவிமடுத்திருந்தால் எத்தனை கால்கள் தப்பியிருக்கும் என எண்ணுங்கால் நெஞ்சு கனக்கின்றது.

மூன்றாவது, ‘சாக்கடையை அள்ளாத அரசு சொட்டு மருந்துக்கு மட்டும் மாதந்தோறும் வருவதேன்?’ என்பது. இதில் திரிபு ஏதுமில்லை. மலத்தால் மாசுபட்ட நீரின் வழியே பரவும் நோய்க்கு நல்ல குடிநீரும் கழிப்பிடமும் வேண்டும் என்பது மருத்துவமே ஒப்பும் உண்மை. இறுதியில் அரசும் இதனை ஒப்பிற்று. 2009இல் உத்தரப் பிரதேசத்திலும் பீகாரிலும் நோய் விடாது பற்றியிருந்த 107 வட்டாரங்களைத் தேர்ந்து, சொட்டு மருந்தோடு தூய்மை, குடிநீர், வயிற்றுப்போக்குச் சிகிச்சை ஆகியவற்றையும் சேர்த்துத் திட்டம் வகுத்தனர்.

மூன்று கருத்துகள்: ஒன்று பொய், ஒன்று மெய், ஒன்று நியாயம். மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி ‘மூடநம்பிக்கை’ எனப் பெயர் எழுதி வைத்திருந்த வரையில் கதவுகள் திறக்கவில்லை. அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகத்தாரும் ஜாமிஆ மில்லியா இஸ்லாமியாவினரும் அம்மக்களிடையே சென்று பேசினர். இமாம்கள் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் முகாம் நாளை அறிவித்தனர். அத்தெருவிலேயே வாழும் பெண்கள் வீடு வீடாகச் சென்று கேள்விகளைக் கேட்டு விடை சொன்னார்கள். அதன் பின்னரே கதவுகள் திறந்தன.

நம் மண்ணில் நிகழ்ந்தவை

வடபுலத்தின் கதை நமக்கென்ன என்று இருத்தல் இயலாது. 2017 பிப்ரவரியில் தமிழகத்தில் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி இயக்கம் தொடங்கிற்று. 9 மாதம் முதல் 15 வயது வரையுள்ள ஏறத்தாழ 1.76 கோடிக் குழந்தைகள் அதன் இலக்கு. தொடங்கும் முன்னரே வாட்ஸப் வழியே அச்சுறுத்தும் செய்திகள் பரவின. படித்த பெற்றோரே பள்ளிக்குச் சென்று, தம் பிள்ளைக்கு ஊசி வேண்டாவென எழுதிக் கொடுத்தனர். பிப்ரவரியோடு முடிய வேண்டிய இயக்கம் மார்ச்சு வரை நீட்டிக்கப்பட்டது. ரூபெல்லா பார்வைக்கு எளிய நோய்தான். ஆனால் கருவுற்ற தொடக்க மாதங்களில் தாயைத் தாக்கினால், பிறக்கும் குழந்தைக்குக் கண்ணில் புரையும், செவிட்டுத்தன்மையும், இதயக் கோளாறும் உண்டாகலாம். தனியார் மருத்துவரிடம் பணம் கொடுத்துப் பல்லாண்டாகப் போட்டுவந்த ஊசியில் இம்மருந்தும் அடங்கியிருந்தது. அதே மருந்தை அரசு இலவசமாகத் தர முன்வந்தபோதுதான் ஐயம் எழுந்தது. இலவசம் என்பதே ஐயத்திற்குக் காரணமானது ஆழ்ந்து நோக்கத்தக்கது.

2021 ஏப்ரல் 15இல் நடிகர் விவேக் கொரோனாத் தடுப்பூசி போட்டுக்கொண்டார். 17ஆம் நாள் மாரடைப்பால் மறைந்தார். முன்னது பின்னதற்குக் காரணமோ என்று தமிழகமே அஞ்சியது. அவ்வச்சம் இயல்பானது. இரத்தக்குழாய் அடைப்பே காரணம் என மருத்துவர்கள் அன்றே கூறினர். ஆயினும் தடுப்பூசியின் பின்விளைவுகளை ஆராயும் தேசியக் குழு, இறப்புக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என அறிவித்தது அவ்வாண்டு அக்டோபரிலேதான். ஒரு பொய் ஊரைச் சுற்றிவர ஒரு நாழிகை போதும். மெய் வந்து சேர ஆறு திங்கள் ஆயிற்று. இடைப்பட்ட காலத்தில் நம் தெருக்களில் எத்தனை முதியவர் அச்சத்தால் ஊசியைத் தள்ளிப்போட்டனர் என்பதை நாம் நேரில் கண்டோம்.

நம்மிடமே உள்ள உரைகல்

செய்தியைச் சோதித்து ஏற்கும் கலை நமக்குப் புதிதன்று. ஹதீஸ் கலை வல்லுநர் ஒரு செய்தியைக் கேட்டவுடன், அது நற்செய்தியாகவே இருப்பினும், அப்படியே ஏற்றாரில்லை. சொன்னவர் யார், அவர் யாரிடம் கேட்டார், அவ்விருவரும் சந்தித்திருக்க இயலுமா, அவர் நினைவாற்றல் எத்தகையது, நேர்மை எத்தகையது என ஒவ்வொரு கண்ணியையும் தட்டிப் பார்த்தனர். அறிவிப்பாளர் வரிசையில் ஒரு கண்ணி அறுந்திருந்தாலும் அச்செய்தியைப் பலவீனமானது எனக் குறித்து வைத்தனர். தமிழ்ச் சுவடிப் பதிப்பாளரும் இவ்வாறே செய்தனர். ஒரே நூலின் பல ஏடுகளைத் திரட்டி, பாடவேறுபாடுகளை ஒப்பிட்டு, ஏடெழுதினோர் பிழையை மூலநூலாசிரியர் தலையில் ஏற்றாமல் காத்தனர்.

இவ்விரு மரபுகளுக்கும் உரிமையுடைய நாம், ‘எனக்கு வந்தது, அனுப்பினேன்’ என்று கூறிச் செய்திகளைப் பரப்புதல் தகுமா? பெயரில்லா மருத்துவர், ஊரில்லா மருத்துவமனை, நாளில்லா நிகழ்ச்சி - இவை மூன்றும் கூடிய செய்தி அறிவிப்பாளர் வரிசையே இல்லாத செய்தி. நியாயவிலைக் கடை அரிசியில் ‘பிளாஸ்டிக்’ கலந்துள்ளது என்னும் பேச்சையே எடுத்துக்கொள்வோம். அரிசி மாவோடு இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 ஆகியவற்றைச் சேர்த்து அரிசி வடிவில் வார்த்த மணிகளே அவை. நீரில் சில மணிகள் மிதப்பது கண்டு ஐயுறுவது இயல்பு. அங்கு நின்று, இது என்ன என்று வினவியிருந்தால் அது ஐயம். வினவாமலே விடையைத் தாமே எழுதிப் பரப்பியது திரிபு.

ஐயம் அறிவியலுக்குப் பகையன்று என்பதற்கும் நம்மிடம் சான்று உண்டு. பெரியம்மையையும் தட்டம்மையையும் வேறுபடுத்தி நூல் எழுதிய பாரசீக மருத்துவ மேதை அர்ராஸி, கிரேக்கப் பேராசான் ஜாலினூஸின் கருத்துகள்மீது தமக்கெழுந்த ஐயங்களைத் தொகுத்துத் தனி நூலே இயற்றினார். ஆனால் அவர் நோயாளியின் படுக்கையருகே நின்று கண்டதைக் கொண்டு ஐயுற்றவர். ஐயுறும் உரிமையோடு ஆராயும் கடமையும் வருகின்றது என்பதே அவர் வாழ்வு தரும் பாடம்.

எவர் கடமை எது?

அரசுக்கு நாம் கூற விழைவது ஒன்றுண்டு. மக்களுக்கு அறிவியல் புரியாது என்னும் எண்ணத்தை விடுதல் வேண்டும். ஊசி போடும் முன் அதனைப் பற்றிய விளக்கம், படித்தால் பொருள் விளங்கும் தமிழில், பெற்றோர் கையில் இருத்தல் வேண்டும். அதில் நன்மையோடு தீமையும் சொல்லப்படல் வேண்டும். வாய்வழிப் போலியோ மருந்து இலட்சக்கணக்கானோரில் மிக அரிதாக ஒருவருக்கு முடக்கத்தை உண்டாக்கக்கூடும் என்பது உண்மை. அதனைக் கருதியே 2015 நவம்பரில் போலியோ ஊசியும் சேர்க்கப்பட்டது. 2016 ஏப்ரலில் மூவகைக் கலவை மருந்தும் நிறுத்தப்பட்டது. இதனை மறைக்காது கூறுவதால் நம்பிக்கை வளருமேயன்றிக் குன்றாது. மறைத்தது வெளிப்படும் நாளில்தான் திரிபுக்குச் சிறகு முளைக்கின்றது. மருத்துவர்களும் கேள்வி கேட்கும் தாயைக் கடிந்து அனுப்புதல் ஆகாது. கடிந்து அனுப்பப்பட்டவர் விடை தேடிச் செல்லும் அடுத்த இடம் எதுவென நாம் அறிவோம்.

ஜமாஅத் பெரியோர்க்கு ஒரு வேண்டுகோள். உங்கள் சொல்லுக்கு மஹல்லாவில் உள்ள மதிப்பு எந்த அரசு விளம்பரத்திற்கும் இல்லை. தடுப்பூசி முகாம் அறிவிக்கப்படும் வேளையில், ஊரின் மருத்துவர் ஒருவரை அழைத்து, ஆண்களும் பெண்களும் அச்சமின்றி வினாத் தொடுக்க ஒரு மாலைப்பொழுதை ஒதுக்குங்கள். பெண்களின் கேள்விகள் கட்டாயம் கேட்கப்படல் வேண்டும். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடுபவர் அவர்களே.

தமிழ் பயிலும் மாணவர்க்கும் இதில் பங்குண்டு. ‘இது அறிவியல் துறையார் வேலை’ என ஒதுங்குதல் வேண்டா. நோயின் பெயரையும் மருந்தின் செயலையும் பாட்டிக்கு விளங்கும் தமிழில் எழுதிக் காட்டுவது மொழி கற்றோர் பணியேயாகும். ஒவ்வொரு தமிழ்த்துறையும் ஆண்டுக்கொரு முறை, தம் வட்டாரத்தில் உலவும் நலவாழ்வுக் கருத்துகளைத் திரட்டி, அவற்றுள் மெய் எது, பொய் எது, விடை பெறாத நியாயமான கேள்வி எது என மருத்துவர் துணையோடு பகுத்து ஒரு சிறு நூலாக வெளியிடுமாயின், அது பட்டத்திற்காக எழுதும் ஆய்வேடுகளுள் பலவற்றினும் பயன் மிக்கதாகும்.

போலியோக் கிருமி இயற்கையில் இன்னும் விடாது பரவும் நாடுகள் ஆப்கானிஸ்தானும் பாகிஸ்தானும் மட்டுமே. அங்குள்ள குழந்தைகளும் நம் குழந்தைகளைப் போன்றோரே. அங்குத் தடையாய் நிற்பவற்றுள் போரோடும் வறுமையோடும் அவநம்பிக்கையும் ஒன்று. கருத்து என்பது காற்றில் கரைந்துபோகும் பேச்சன்று. அது ஒரு குழந்தையின் காலை முடக்கவும் வல்லது, காக்கவும் வல்லது. ஆதலின், ஐயம் எழுந்தால் வினவுவோம். விடை பெறும்வரை விடாது வினவுவோம். விடை பெறாத செய்தியைப் பிறர்க்கு அனுப்பாதிருப்போமாக.